வகுப்புக்கு எட்டுப் பேர்

கல்லூரியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது ஜனெல் லைக்கர் ஒரு பசுவின் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாலை விட்டால் டாக்டர் வாசிங்கரின் முகம் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டுச் சினை பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரிக் காற்று கன்சாஸ் சமவெளியைத் துடைத்துக்கொண்டு வந்து நேராக அவர்கள் இரண்டு பேர் மேல்தான் மோதியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்ததை ஜனெல் உணர்ந்தாள். இன்னும் பதினான்கு மாடு பாக்கி இருந்ததால் எடுக்கவில்லை.

கடைசி மாட்டை இரும்புக் கூண்டிலிருந்து விட்ட பிறகுதான் எடுத்துப் படித்தாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகத்துக்கு இதுவரை அவளையும் சேர்த்து ஐந்து பேர்தான் பதிந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எட்டுப் பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து. அன்றைக்குச் செவ்வாய்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர், "யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"வகுப்பு சாகப்போகுது டாக்டர். மூணு பேர் குறையுதாம்."

"இந்த ஊர்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்க அஞ்சு பேர் இருக்காங்கங்கிறதே எனக்கு அதிசயமா இருக்கு" என்றார் அவர், உறையைக் கழற்றிக்கொண்டே. ஜனெல் சிரிக்கவில்லை. அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர். பேசக்கூடாத இடம் பதினோரு வருடப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும்.

ஜனெலுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாக டாக்டர் வாசிங்கரின் மருத்துவமனையில் உதவியாளர். ஊசி போடுவாள், தையலுக்குப் பிடித்துக்கொடுப்பாள், குதிரையின் பல்லை அராவுவாள், நாய்க்காரர்களின் அழுகையைத் துடைப்பாள். டாக்டர் ஆவது தவிர எல்லாம் செய்துவிட்டாள், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். டாக்டருக்கு அறுபத்தாறு ஆகிறது. அவருக்குப் பிறகு மாட்டுக்குப் பிரசவம் சிக்கினால் கூப்பிட நூறு மைலுக்குள் ஆள் கிடையாது.

கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், படித்து வந்த பாடங்களின் பட்டியலைப் பார்க்கும். உயிரியல், வேதியியலில் நான்கு வகை, இயற்பியல், மரபியல், புள்ளியியல், மேடைப்பேச்சு என்று அது நீளும். எந்தக் கல்லூரியில் படித்தாலும் சரி என்பார்கள். சரி, ஆனால், என்று அடுத்த வரியில் தொடங்குவார்கள். அந்த 'ஆனால்'தான் ஆளைத் தின்றுவிடும்.

பல்கலைக்கழகம் மூன்றரை மணி நேர தூரத்தில் இருந்தது. கட்டணம் நாற்பது மைலில் இருந்த மாவட்டச் சமுதாயக் கல்லூரியைப் போல நான்கு மடங்கு. கோதுமையும் அறுபது மாடும் ஒரு பையனும் வைத்திருக்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா? ஆகவே ஜனெல் கடைத்தெருவில் சோளம் பொறுக்குகிறவள் மாதிரி பாடங்களை எங்கெங்கே மலிவோ அங்கங்கே பொறுக்கினாள். புள்ளியியலைப் பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் கணினி வழியாகப் படித்தாள். மேடைப்பேச்சை உயர்நிலைப் பள்ளியில் மாலை வகுப்பாக நடத்தினார்கள். அங்கே பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று மாட்டின் நான்கு வயிற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி 'ஏ' வாங்கினாள். மரபியல் இன்னொரு இடம். மொத்தம் ஐந்து கல்லூரி. தபால்காரர், "நீங்க கல்லூரி நடத்தறீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

ஒரு இடத்தில் சரியாக ஏமாந்தாள். இயற்பியலை எங்கேயோ அடிமாட்டு விலைக்குக் கணினி வழியாகக் கொடுத்தார்கள். ஆய்வகத்துக்குப் பதில் ஒரு அட்டைப்பெட்டி வீட்டுக்கே வந்தது. கப்பி, நூல், சின்ன எடைக்கற்கள், ஒரு மர உருண்டை. அடுப்படி மேஜையில் வைத்து நான்கு மாதம் அளந்தாள். அவள் பையன் டோபி அந்தக் கப்பியைக் கட்டிப் பூனையை மாடிக்குத் தூக்கப் பார்த்தான். எல்லாம் முடிந்து கால்நடைக் கல்லூரிக்கு மதிப்பெண் அனுப்பினால், ஆய்வகம் என்றால் நாலு சுவரும் ஒரு ஆசிரியரும் இருக்க வேண்டும், பெட்டி செல்லாது என்று பதில் வந்தது. அடுத்த கோடையில் மறுபடி காசு கட்டி மறுபடி படித்தாள். அன்றிலிருந்து ஆய்வகப் பாடம் என்றால் கணினிப் பக்கமே அவள் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஆர்கானிக் முதல் பாகத்தைப் போன செப்டம்பரில்தான் மாவட்டக் கல்லூரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தாள். இரண்டாம் பாகத்தை அங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். இதை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் இன்னொரு கத்தி. அறிவியல் பாடங்கள் பத்து வருடத்துக்கு மேல் பழசானால் அவள் சேர நினைத்த கல்லூரி எடுத்துக்கொள்ளாது. டோபி பிறப்பதற்கு முன்னால் அவள் படித்த உயிரியலுக்கும் பொது வேதியியலுக்கும் இப்போது ஒன்பது வயது. இந்தச் செப்டம்பரில் விண்ணப்பித்தால் பிழைத்தாள். விட்டால் இதுவரை கட்டிய சுவரின் அடிக்கல் இரண்டையும் மறுபடி நட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த கணவன் டேரன், செவ்வாய் இரவுச் சாப்பாட்டில், "வேற கல்லூரியே இல்லையா?" என்று பாவமாகக் கேட்டான்.

"இருக்கு. மூணரை மணி நேரம் போகணும், வாரத்துல நாலு நாள். நீ சமைப்பியா?"

"முட்டை வறுப்பேன்."

"நாலு நாளும் முட்டையா?" என்றான் டோபி, உண்மையான பயத்தோடு.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் ராத்திரி படுத்தபோது நாத்தனாரின் குரல்தான் காதில் நின்றது. மார்லா, டேரனின் அக்கா, அவனைவிட நான்கு வயது மூத்தவள், பழைய குடும்ப வீட்டில் தனியாக இருப்பவள். ஊர் முனையில் கூட்டுறவு தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து எல்லாரும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பீரோக் ரொட்டியைத் தட்டில் வைக்கும்போதே அவள் வாயும் ஆரம்பித்துவிடும். "டாக்டரம்மாவுக்கு இன்னொண்ணு வை டேரன், மூளை வேலை செய்யணுமே." "இந்த வருஷம் எத்தனாவது காலேஜு?" "நீ டாக்டர் ஆகி வர்றதுக்குள்ள இப்ப இருக்கற மாட்டோட கொள்ளுப்பேத்திக்குத்தான் ஊசி போடுவ." ஜனெல் பதில் சொல்வதில்லை. ரொட்டி அவ்வளவு நன்றாக இருக்கும். வகுப்பு ரத்தானால் வருகிற ஞாயிறு அந்த மேஜையில் எந்த முகத்தோடு உட்காருவது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

புதன் காலையில் ஒரு யோசனை வந்தது. இதில்தான் அந்த ஊர்க்காரர்களின் குணம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் சமுதாயக் கல்லூரியில் எந்த வகுப்பிலும் காசு கொடுக்காமல் போய் உட்காரலாம். குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. கல்லூரியில் கணப்பு எரியும், காபி கிடைக்கும். ஓய்வுபெற்ற விவசாயிகள் பாதிப் பேர் ஜனவரி ஆனால் மாணவர்களாகிவிடுவார்கள். வெல்டிங் வகுப்பில் வெள்ளைத் தலைகள்தான் அதிகம். ஸ்பானிஷ் முதல் பாகத்தை ஏழு தடவை படித்த ஒருவர் இருக்கிறார், இன்னும் தண்ணீர் கேட்க வராது.

ஜனெல் மதியத்துக்குள் மூன்று பேரைப் பிடித்துவிட்டாள். டாக்டர் வாசிங்கர் ஒருவர். பள்ளியில் விவசாயம் கற்பித்து ஓய்வுபெற்ற கில்பர்ட் ஒருவர். மூன்றாவது, பங்குச் சாமியார் அலோய்சியஸ்.

"எனக்குக் கெமிஸ்ட்ரி ஒரு எழுத்துகூடத் தெரியாது மகளே" என்றார் சாமியார்.

"தெரிய வேணாம் ஃபாதர், உக்காந்தா போதும்."

"அதை நான் முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். சரி, வர்றேன்."

மூவரும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தும் மூன்றும் எட்டு. ஜனெலுக்குத் தரையில் கால் பாவவில்லை. வியாழன் காலை மருத்துவமனைக்கு இரண்டு டஜன் டோனட் வாங்கிப் போனாள். வந்த விவசாயிகளுக்கெல்லாம் கொடுத்தாள். அவர்கள் மாட்டுக்குக் கன்று பிறந்த மாதிரி கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மத்தியானம், ஊர்ஜிதம் செய்துகொள்ளலாமே என்று கல்லூரிப் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே பெர்னிஸ் என்ற அம்மாள். அந்த நாற்காலியில் முப்பது வருடமாக இருப்பவள்.

"ஆர்கானிக் ரெண்டா? அஞ்சு பேர்" என்றாள் பெர்னிஸ்.

"எட்டு இல்லையா? நேத்து மூணு பேர் வந்து கையெழுத்துப் போட்டாங்களே."

"வந்தாங்க. அது சும்மா உக்கார்ற சீட்டு, தங்கம். அது கணக்குல வராது. மார்க் வாங்கப் படிக்கிறவங்களுக்குத்தான் அரசாங்கம் எங்களுக்குக் காசு தருது. எட்டுன்னா மார்க்குக்குப் படிக்கிற எட்டு."

ஜனெலைச் சொல்லிக் குற்றமில்லை. வேறு ஊர்க்காரி என்றால் முதலிலேயே கேட்டிருப்பாள். மேஜையில் ஓசியாக ஒன்று வைத்திருந்தால் அதை எடுத்துக்கொள்வதுதான் அந்த ஊர் வழக்கம். ஓசிக்கு மதிப்பு உண்டா என்று எவனும் கேட்டதில்லை. டோனட் தின்றவர்கள் முகமெல்லாம் வரிசையாக அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

விஷயத்தைக் கேட்ட டாக்டர், "மார்க்குக்குப் படிக்க என்ன வேணும்?" என்றார்.

"கட்டணம் கட்டணும். முதல் பாகம் பாஸ் பண்ணின சான்று வேணும். கில்பர்ட்டும் ஃபாதரும் அதைப் படிச்சதே இல்ல."

"நான் படிச்சேன். ரெண்டையும் படிச்சேன். ரெண்டாவதுல 'டி' வாங்கினேன், நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. மறுபடி எழுதித்தான் டாக்டர் ஆனேன். இது என் பொண்டாட்டிக்கே தெரியாது." அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய பட்டத்தைச் சட்டத்தோடு கழற்றினார். "இதைக் காட்டினா பெர்னிஸ் ஒத்துக்குவா. ஒத்துக்கலைன்னா அவ நாயைக் குணப்படுத்தினது யாருன்னு ஞாபகப்படுத்தறேன்."

"டாக்டர், வாரத்துல ரெண்டு சாயங்காலம், நாலு மாசம்."

"டிவில ஒண்ணும் இல்ல ஜனெல்." கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கணக்கு ஆறு பேர்.

வெள்ளி காலையில் ஜனெல் போனும் கையுமாக உட்கார்ந்தாள். போன பருவத்தில் அவளோடு முதல் பாகம் படித்தவர்களில் தொடராதவர்கள் ஆறு பேர். ஒருத்தன் ராணுவத்துக்குப் போய்விட்டான். ஒருத்தி டென்வருக்கு. ஒருவன், "அந்தப் பாடத்தோட பேரைச் சொல்லாத, சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றான். இரண்டு பேர் எடுக்கவே இல்லை. கடைசியாக ரமோனா, மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"படிக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள் ரமோனா. "வண்டி செத்துப்போச்சு. நாப்பது மைல் நடந்தா வருவேன்?"

"நான் கூட்டிட்டுப் போறேன். கூட்டிட்டு வந்து விடறேன். எல்லா வகுப்புக்கும்."

"பனி கொட்டினாலும்?"

"மாடு ஏத்தற வண்டில கூட்டிட்டுப் போறேன்."

பதினொன்றரைக்கு ரமோனாவும் கணினி வழியாகப் பதிந்துவிட, ஏழு பேர். இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும். ஊரில் இதற்குமேல் யார் ஆர்கானிக் படித்திருப்பார்கள்? கூட்டுறவுக் கிடங்கில் மண் பரிசோதனை செய்கிற மிட்ச் என்பவன் பட்டதாரி, மேற்படிப்புக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போனை எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு குதிரை வயிற்றுவலியோடு வந்து, அதை விட்டு நகர முடியாமல், அவள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால் ஆகிவிட்டது.

கிடங்குக்கு வெளியே சோள லாரிகள் ஏழெட்டு வரிசையாக நின்றன. எடைமேடைச் சன்னலுக்குப் பின்னால் மார்லா. ஒரு கையால் சீட்டுக் கிழித்துக்கொண்டே கண்ணாடியைத் தள்ளினாள்.

"டாக்டரம்மா வந்தாச்சு. எங்க பூனைக்கு ஒண்ணுமில்லையே?"

"மிட்ச் எங்க?"

"காலைலயே வடக்கே போயிட்டான். ராத்திரிதான் வருவான். என்ன விஷயம்?"

"ஆர்கானிக் வகுப்புக்கு ஒரு ஆள் வேணும்."

"அவனா? அவன் அதெல்லாம் எப்பவோ முடிச்சுட்டான். திரும்ப உக்காருன்னு சொன்னா உன்னைக் கிடங்குக்குள்ள தள்ளிப் பூட்டிடுவான்."

ஜனெல் உள்ளே வந்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அதுவும் இவளுக்கு முன்னால். முடியவில்லை. மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். சட்டையில் குதிரை வாடை அடித்தது.

"முடிஞ்சுது மார்லா. சந்தோஷப்படு. ஞாயித்துக்கிழமை நீ என்ன வேணா சொல்லிக்கோ. ஒம்பது வருஷம், அஞ்சு காலேஜு. ஒரு ஆள் இல்லாம எல்லாம் மண்ணாப்போச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேணும்னு இதுவரைக்கும் தோணினதில்ல, இது ஒண்ணுதான்."

மார்லா ஒரு லாரியை எடைபோட்டு அனுப்பினாள். அடுத்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் லாரியை நிறுத்தி வைத்து ஜனெல் பார்த்ததே இல்லை.

"புதன்கிழமையிலேர்ந்து ஊர் பூரா சுத்தின" என்றாள். "கில்பர்ட்டைக் கேட்ட. அந்த நர்ஸைக் கேட்ட. டென்வர் வரைக்கும் போன் போட்ட. ஃபாதரைக் கேட்ட. ஃபாதரை, ஜனெல். என்னை ஏன் கேக்கல?"

"உன்னையா? உனக்கெதுக்கு..."

"ஆர்கானிக் ஒண்ணு. ரெண்டாயிரத்து மூணு. இதே காலேஜு. 'ஏ' வாங்கினேன்."

மார்லா இரண்டு வருடம் கல்லூரிக்குப் போனாள், பிடிக்காமல் திரும்பிவிட்டாள் என்றுதான் டேரன் சொல்லியிருந்தான். ஊரும் அப்படித்தான் சொல்லும்.

"புடிக்கலைன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் மார்லா, அவள் மனதைப் படித்தவள் போல. "அந்த ஜனவரில அப்பா கொட்டகைல விழுந்தார். பக்கவாதம், ஒரு பக்கம் கை கால் வரல. இருநூறு மாடு அப்ப. டேரன் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தான். அவன் முடிக்கட்டும், நான் ஒரு பருவம் மட்டும் நின்னுட்டுப் போறேன்னு வந்தேன். ரெண்டாம் பாகத்துக்குப் பணம்கூடக் கட்டியிருந்தேன். ஒரு பருவம், அப்புறம் அறுவடை, அப்புறம் இன்னொண்ணு. அப்பா எட்டு வருஷம் இருந்தார். அதுக்கப்புறம் யார்கிட்டப் போய் நான் படிக்கப் போறேன்னு சொல்றது? பார்மசிக்குப் படிக்க ஆசைப்பட்டேன்னு சொன்னா இந்த லாரிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?"

"டேரனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அவன் எப்படி நிம்மதியா இருப்பான்?" மார்லா சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்து அந்தப் பாடம், இந்த மார்க்குன்னு சொல்லுவ. எனக்கு எரியும். எரியத்தான் செஞ்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு தடவையாவது, மார்லா நீ என்ன படிச்சன்னு கேப்பன்னு பாத்தேன். நீ மறுபடி படிக்க ஆரம்பிச்ச மூணு வருஷமாப் பாத்தேன்."

ஜனெலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மேஜையில் நூறு ஞாயிறுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறாள். அந்த வீட்டின் ஒவ்வொரு மாட்டின் சரித்திரமும் அவளுக்குத் தெரியும்.

"தப்பு என்னுதுதான்" என்றாள். "உன் வாய்க்குப் பயந்து நான் உன்னைப் பாக்கவே இல்ல." பிறகு கேட்டாள். "மார்லா, வர்றியா? எனக்காக வேணாம். எனக்காகன்னா வராத."

மார்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. இவ்வளவு பழைய மாணவி நேரில் போனால்தான் பதிவார்கள், கல்லூரிக்கு நாற்பது மைல். வெளியே லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அமுக்கினான்.

"இதை யாரு பாத்துப்பா? அஞ்சு மணி வரைக்கும் நான் எந்திரிக்க முடியாது."

"நான் பாத்துக்கறேன். சொல்லிக்குடு."

மூன்று நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தாள். லாரி ஏறினதும் பொத்தானை அமுக்கு, சோளத்தின் ஈரம் பார், சீட்டைக் கிழி, வெறும் லாரி திரும்பினால் மறுபடி அமுக்கு, எவன் சிரித்துப் பேசினாலும் நம்பாதே. கோட்டை மாட்டிக்கொண்டு, சாவியை இரண்டு தடவை கீழே போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில் மார்லா ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

ஜனெல் சோளம் எடைபோட்டாள். முதல் லாரிக்காரன், "மார்லா எங்க? மாட்டு டாக்டர் எங்களை எடை போடறாங்களா?" என்றான்.

"நாக்கை நீட்டு, சினையான்னு பாத்துச் சொல்றேன்" என்றாள் ஜனெல். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நான்கு பத்து. நான்கரை. ஒரு சீட்டைத் தப்பாகக் கிழித்து மறுபடி எழுதினாள். சாலையில் நெடுக ஒரு பழுதும் இருக்கக்கூடாது, ஒரு மான்கூடக் குறுக்கே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இந்த வழியில் சாயங்காலம் மான் வராத நாளே கிடையாது. நான்கு நாற்பது. பெர்னிஸ் வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் கிளம்புகிறவளா? அதைக் கேட்கவே இல்லையே. வருவது வரட்டும் என்று இரண்டு லாரிகளை அனுப்பினாள்.

நான்கு ஐம்பத்தொன்றுக்குப் போன் அடித்தது.

"இருக்கா" என்றாள் மார்லா. மூச்சு வாங்கியது. "பெர்னிஸ் இருக்கா. கோட்டைப் போட்டுட்டு நின்னா, கழட்ட வச்சுட்டேன். என் மார்க்கைக் கண்டுபிடிச்சுட்டா. இருபத்தோரு வருஷம் கழிச்சு அந்த 'ஏ' அங்கேயே இருக்கு, ஜனெல். திரையில காட்டினா."

"அப்ப எட்டா?"

"எட்டு. கம்ப்யூட்டர்ல பதிஞ்சுட்டா. வகுப்பு நடக்குது."

ஜனெல் சன்னல் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஓ என்று கத்த வேண்டும் போல இருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கி எடைச்சீட்டில் விழுந்தது. மறுமுனையில் மார்லா போனை வைக்காமல் நின்றாள். பெர்னிஸ் ஏதோ கேட்பது கேட்டது.

"ஒரு காகிதம் இருக்கு" என்றாள் மார்லா. குரல் இறங்கியிருந்தது. "எதுக்குப் படிக்கறீங்கன்னு மூணு கட்டம் போட்டிருக்கு. பட்டத்துக்கு, வேற காலேஜுக்கு மாத்தறதுக்கு, சொந்த விருப்பத்துக்கு. பெர்னிஸ் சீக்கிரம்ங்கறா. சொந்த விருப்பம்னு போட்டுடட்டுமா?"

"நீ என்ன போடணும்னு நினைக்கற?"

பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் மட்டும் வந்தது. வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி நின்றது. ஜனெல் பொத்தானை அமுக்கவில்லை.

"ஜனெல்" என்றாள் மார்லா கடைசியில். "பழைய மார்க்கை எடுத்துக்கற பார்மசி காலேஜு எங்கயாவது இருக்கா? மலிவா?"

"தெரியல" என்றாள் ஜனெல். "தேடுவோம். அஞ்சு காலேஜுல தேடினவ நான், உனக்குக் கிடைக்காமப் போகாது. வேற காலேஜுக்கு மாத்தறதுக்குன்னு போடு."

"சரி, போட்டுட்டேன்" என்றாள் மார்லா.